டபுள் கிளாஸ் ஜன்னலில் யாரும் கேட்காத பட்டை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கண்ணாடி எத்தனை எம்எம் இருக்கவேண்டும், நடுவில் காற்றா ஆர்கான் வாயுவா, லோ-ஈ கோட்டிங் என்கிற, வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு என்ன செய்கிறது, எல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த இரண்டு கண்ணாடியையும் ஒட்டவிடாமல் பிரித்துப் பிடித்துக்கொண்டு நாலு ஓரத்திலும் ஒரு பட்டை ஓடுகிறதே, நாங்கள் ஸ்பேசர் என்போம், அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தண்டையார்பேட்டையில் இருபத்திரண்டு வருஷமாக அலுமினிய ஜன்னலும் யுபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக் ஜன்னலும் செய்து மாட்டிக்கொண்டிருப்பவன் நான். ஜன்னல் போட்ட வீட்டுக்காரர்கள் மூணாவது வருஷம், நாலாவது வருஷம் திரும்பி வந்து முறையிடும்போது, போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறு அந்தப் பட்டையிலும் அதைச் சுற்றிய சீலிலும்தான் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் அக்கா வீட்டுக் கதை. வீடு திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரி போகிற ரோட்டுக்குப் பக்கம். ராத்திரி முழுக்க சத்தம், அப்புறம் மேற்கு வெயில், சுவரைத் தொட்டால் இரவு பத்து மணிக்கும் கதகதவென்றிருக்கும். நாலு வருஷத்துக்கு முன் இரண்டு படுக்கையறைக்கும் டபுள் கிளாஸ் போட்டுக்கொடுத்தேன். கண்ணாடி யூனிட்டை, தொழிலில் டிஜியூ என்பார்கள், வெளியே ஒரு பட்டறையில் ஆர்டர் கொடுத்து வாங்கி, யுபிவிசி ஃபிரேமில் நானே மாட்டினேன். அந்தப் பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம், அப்படிச் செய்வது அவர்கள் மட்டும் இல்லை.

முதல் வருஷம் புரட்டாசி மாசத்தில் அக்கா போன் பண்ணினாள். “இன்னாடா இது, ஏசி போட்டுட்டுத் தூங்கினா காலைல ஜன்னல் வெளிப்பக்கம் வேர்த்து நிக்குது, அதுவும் சுத்தி ஓரத்துல மட்டும்” என்றாள். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கே போய் பால்கனியில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடியின் நடுப்பகுதி துடைத்து வைத்ததுபோல் காய்ந்திருந்தது. நாலு பக்க ஓரமும் முத்து முத்தாகத் தண்ணீர். விரலை வைத்துப் பார்த்தேன், நாலு விரல் அகலம். அந்த ஈரத்தில் ரோட்டுத் தூசி படிந்து படிந்து, கண்ணுக்கு மை தீட்டியது மாதிரி ஜன்னலைச் சுற்றி ஒரு கறுப்புக் கரை.

ஐஸ் மோர் ஊற்றின டம்ளர் வெளியே வேர்க்கும் அல்லவா, அதே விஷயம்தான். நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். சென்னையில் பல ராத்திரிகளில் 25 டிகிரிக்குப் பக்கத்தில் ஒரு பரப்பு குளிர்ந்தாலே காற்றின் ஈரம் அதில் தண்ணீராக இறங்கிவிடும். அக்கா ஏசியை 20இல் வைப்பாள். உள்கண்ணாடியின் குளிர்ச்சி நடுவில் இருக்கும் காற்றைத் தாண்டி வெளிக்கண்ணாடிக்கு அவ்வளவாகப் போகாது, அதனால் நடுப்பகுதி காய்ந்திருக்கிறது. ஓரத்தில் மட்டும் அந்தக் குளிர்ச்சிக்கு ஒரு பாலம் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பாலம்தான் அலுமினிய ஸ்பேசர். அமெரிக்காவில் ஜன்னல்களுக்கு மதிப்பீடு போடுகிற என்எஃப்ஆர்சி, கண்ணாடியின் ஓரத்தில் இரண்டரை அங்குலத்தை, அதாவது 63.5 எம்எம் அகலத்தைத் தனிப் பகுதியாக வைத்துத்தான் கணக்கிடுகிறது. அக்கா ஜன்னலில் நான் பார்த்த நாலு விரல் ஏறக்குறைய அதுதான்.

சமையலறையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையே இல்லை. கொதிக்கிற சாம்பாரில் அலுமினியக் கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டு நிமிஷம் கழித்துத் தொட்டால் கை சுடும். எவர்சில்வர் கரண்டியென்றால் காம்பைப் பிடிக்கலாம். பிளாஸ்டிக் பிடி போட்டதென்றால் கேள்வியே இல்லை. எண்ணில் சொன்னால், ஒரு பொருள் வெப்பத்தைக் கடத்தும் அளவு (ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு எத்தனை வாட் என்ற கணக்கு) அலுமினியத்துக்கு 160 முதல் 200 வரை, எவர்சில்வர் என்று நாம் சொல்லும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குச் சுமார் 15, கண்ணாடிக்கு 1, ஸ்பேசர் செய்கிற பிளாஸ்டிக்குக்கு 0.2 பக்கம், அசையாத காற்றுக்கு 0.025, ஆர்கானுக்கு 0.017. ஆக நடுவில் 0.025 உள்ள காற்றை அடைத்துவிட்டு, சுற்றி 160 உள்ள ஒரு பட்டையைக் கட்டிவைக்கிறோம். அதற்குப் பதில் ஸ்டீல் பட்டை, பிளாஸ்டிக்கும் மெல்லிய ஸ்டீல் தகடும் சேர்ந்த பட்டை, சிலிகான் நுரைப் பட்டை என்று வந்திருக்கின்றன. இவற்றுக்கு வார்ம் எட்ஜ் என்று பெயர். குளிர் நாட்டுக்காரர்கள் வைத்த பெயர் அது, அவர்களுக்கு வீட்டுக்குள் இருக்கும் கண்ணாடி ஓரம் கதகதப்பாக இருக்கவேண்டும், இல்லையென்றால் உள்பக்கம் தண்ணீர் வடிந்து மரச்சட்டம் பூஞ்சை பிடிக்கும். நமக்கு வேலை நேர்மாறு, உள்ளே இருக்கும் குளிர்ச்சி வெளியே ஓடக்கூடாது, வெளிச்சூடு உள்ளே வரக்கூடாது. பட்டை செய்வது இரண்டு இடத்திலும் ஒரே வேலை.

சரி, இதனால் எவ்வளவு மிச்சம்? இதை நேர்மையாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இப்போது சில கடைகளில் வார்ம் எட்ஜ் போட்டால் கரண்ட் பில் பாதியாகிவிடும் என்கிற மாதிரி பேசுகிறார்கள். ஐஎஸ்ஓ 10077 என்ற உலகத் தரநிலையில் இதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. லோ-ஈ கண்ணாடி, யுபிவிசி ஃபிரேம் என்றால், ஓரத்தின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு அலுமினிய ஸ்பேசரில் 0.08 வாட், மேம்பட்ட ஸ்பேசரில் 0.06 வாட் கூடுதலாகக் கடக்கும் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. நாலு அடிக்கு நாலு அடி ஜன்னலை ஒரே கண்ணாடியாகப் போட்டால் சுற்றளவு பதினாறு அடி, அதாவது சுமார் 4.9 மீட்டர். கண்ணாடிப் பரப்பு வழியாகப் போகிற வெப்பத்தோடு இந்த ஓரக் கசிவு ஏழில் ஒரு பங்கு அளவுக்குச் சேர்கிறது. அதே ஜன்னலை அழகுக்காக நாலு சின்னக் கட்டமாகப் பிரித்துப் போட்டால் கண்ணாடிப் பரப்பு அதேதான், ஓரத்தின் நீளம் மட்டும் முப்பத்திரண்டு அடி. கசிவும் இரட்டிப்பு. அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, டபுள் கிளாஸ் போடுவதானால் கட்டம் கட்டமாக வேண்டாம், பெரிய கண்ணாடியாக வையுங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை.

ஆனால் வாட் கணக்கில் பார்த்தால், உள்ளேயும் வெளியேயும் பத்து டிகிரி வித்தியாசம் இருக்கும்போது அந்தப் பதினாறு அடி ஓரத்தில் கசிவது நாலு வாட்டுக்குள்தான். பட்டையை மாற்றினால் ஒரு வாட் குறையும். அதே மேற்கு ஜன்னலில் சாயங்கால வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட் அளவுக்கு அடிக்கும்போது, சாதாரண தெளிந்த டபுள் கிளாஸ் அதில் ஏறக்குறைய 70 சதவீதத்தை வெப்பமாக உள்ளே விடும், வெயில் தடுக்கிற கோட்டிங் உள்ள கண்ணாடி 30 சதவீதத்தோடு நிறுத்தும். அங்கே வித்தியாசம் நூற்றுக்கணக்கான வாட். ஆகவே சென்னையில் முதல் கவனம் வெயிலுக்கு. வெளியே ஒரு சன்ஷேடு, மேற்குப் பக்கம் கோட்டிங் கண்ணாடி, மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு, இதெல்லாம் முடித்துவிட்டுத்தான் ஸ்பேசருக்கு வரவேண்டும். கனடாவின் கடுங்குளிர்ப் பகுதிகளில் உள்ளே 20, வெளியே மைனஸ் 10 என்று முப்பது டிகிரி வித்தியாசம் மாதக்கணக்கில் நிற்கும், அங்கே ஓரக் கசிவின் எடை வேறு.

இன்னொன்று, நான் அலுமினிய செக்‌ஷன் விற்கிறவன், இருந்தாலும் சொல்கிறேன். நம் ஊரில் போடுகிற சாதாரண அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலில் ஃபிரேமே உள்ளிருந்து வெளியே வரைக்கும் ஒரே உலோகம். அதில் விலை கூடின ஸ்பேசர் போடுவதில் பலன் மிகக் குறைவு, அந்தப் பட்டியலிலேயே 0.05இலிருந்து 0.04க்குத்தான் இறங்குகிறது. வெப்பம் ஸ்பேசரைத் தேடிப் போகாது, பக்கத்தில் இருக்கும் ஃபிரேம் வழியாகவே போய்விடும். யுபிவிசி, மரம், அல்லது நடுவில் பிளாஸ்டிக் பட்டை வைத்துப் பிரித்த அலுமினிய ஃபிரேம் என்றால்தான் நல்ல ஸ்பேசருக்கு மரியாதை.

அப்புறம் எதற்கு இவ்வளவு பெரிய கடிதம் என்று கேட்பீர்கள். காரணம் ஜன்னலின் ஆயுசு. அக்கா வீட்டில் மூணாவது வருஷம் மழைக்காலம் முடிந்தபோது ஒரு ஜன்னலில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே பனி மூடினதுபோல ஒரு மங்கல். உள்ளே துடைத்தாலும் போகாது, வெளியே துடைத்தாலும் போகாது. தை மாசத்துக்குள் கீழ்ப்பக்க மூலையில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகப் பிடித்துவிட்டது. கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, பிளேடால் ஓரத்தை அறுத்துத் திறந்தேன். அதில் கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

ஸ்பேசர் பட்டை உள்ளே பொள்ளல். உள்பக்கம் ஊசி ஓட்டை மாதிரி வரிசையாகச் சின்ன துவாரங்கள் இருக்கும். பட்டைக்குள் மாலிக்யூலர் சீவ் என்கிற ஈரம் உறிஞ்சும் குருணை நிரப்பியிருக்கவேண்டும், கடுகு அளவில் இருக்கும். கண்ணாடிக்கு நடுவில் மிச்சமிருக்கும் ஈரத்தையும், வருஷக்கணக்கில் மெல்ல நுழைகிற ஈரத்தையும் அந்தத் துவாரங்கள் வழியாக அதுதான் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் திறந்ததில் நாலு பட்டையில் இரண்டில்தான் குருணை இருந்தது. அந்தக் குருணையையும் ஒரு டம்ளரில் கொட்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். புதுசாக இருந்தால் சுடச்சுட ஆகும், டம்ளரைத் தொட்டாலே தெரியும். இது சில்லென்று கிடந்தது. நமுத்துப்போன அப்பளம் மாதிரி, அதன் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்துபோட்டு வைத்திருந்தால் ஜன்னல் செய்வதற்கு முன்பே அது நமுத்துவிடும்.

அடுத்தது சீல். ஸ்பேசரின் இரண்டு பக்கமும் கண்ணாடியோடு ஒட்டும் இடத்தில் பியூட்டைல் என்கிற கறுப்பு, பிசுபிசுப்பான ரப்பர் கோடு அறுபடாமல் ஓடவேண்டும். அதற்கு வெளியே பாலிசல்ஃபைடோ சிலிகானோ இரண்டாவது சீலாக வரவேண்டும். இந்த யூனிட்டில் பியூட்டைலே இல்லை, வெறும் சிலிகான். இதுதான் நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம்: சிலிகான் தண்ணீரை நிறுத்தும், ஆனால் நீராவியை நிறுத்தாது. பாத்ரூமில் சிலிகான் அடித்தால் தண்ணீர் கசியவில்லையே, அதையே இங்கும் அடித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கண்ணாடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதற்குத்தான் சிலிகான், ஈரத்தையும் ஆர்கானையும் மறிப்பது பியூட்டைல்.

மூணாவது, மூலை. பட்டையை நாலு துண்டாக வெட்டி கார்னர் கீ என்கிற பிளாஸ்டிக் மூலைத் துண்டு போட்டுச் சொருகியிருந்தார்கள். ஒரு மூலையில் தலைமுடி நுழைகிற அளவுக்கு இடைவெளி. அந்த வெள்ளைத் திட்டு தொடங்கின மூலை அதேதான். மெஷினில் வைத்து மூலையில் வளைத்த பட்டையென்றால் ஒரே ஒரு இணைப்புதான் வரும், அதுவும் நேர்ப்பகுதியில். நுரைப் பட்டையானால் மூலையில் மடங்கித் தொடர்ந்து ஓடும்.

இங்கே பட்டை எந்தப் பொருள் என்பது மறுபடியும் முக்கியமாகிறது. வெயிலில் கண்ணாடி விரிகிற அளவைவிட அலுமினியம் இரண்டரை மடங்கு விரியும். பகல் முழுக்க விரிந்து, ராத்திரி ஏசியில் சுருங்கி, தினமும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பியூட்டைலை இப்படியும் அப்படியும் இழுக்கிறது. உள்ளே அடைபட்ட காற்றும் சூட்டில் உப்பி, குளிர்ச்சியில் ஒடுங்கி, அதே சீலை அழுத்துகிறது. இதோடு காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் வீசுகிற உப்புக்காற்று. இங்கே இரும்பு கிரில் எத்தனை சீக்கிரம் துருப்பிடித்து உதிர்கிறது என்பது வடசென்னையில் வீடு வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். ஓரத்தில் தினமும் தண்ணீர் கோர்த்து நின்றால் அது வழிந்து கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கி சீலை ஊறவைக்கும். யுபிவிசி ஃபிரேமின் அடியில் தண்ணீர் வெளியேறுவதற்கென்றே துவாரம் விட்டிருப்பார்கள், எறும்பு வருகிறது கொசு வருகிறது என்று அதையும் அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அடைக்காதீர்கள்.

சீல் போனால் கரண்ட் கணக்கும் போகிறது. லோ-ஈ கோட்டிங்கில் நல்ல ரகம் எல்லாம் மெல்லிய வெள்ளிப் பூச்சு. வெள்ளிக் கொலுசு காற்றுப்பட்டால் கறுக்கிறதே, அதுபோல உள்ளே ஈரம் நுழைந்தால் அந்தப் பூச்சு கெட்டுவிடும். அதனால்தான் சீல் ஒட்டும் ஓரத்தில் மட்டும் அந்தப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு ஒட்டவேண்டும், இல்லையென்றால் பூச்சு வழியாகவே அரிப்பு உள்ளே ஊர்ந்து போகும். ஆர்கான் வாயுவுக்கும் இதே கதி. வருஷத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் வெளியேறக்கூடாது என்று ஐரோப்பியத் தரநிலை சொல்கிறது, சரியான பியூட்டைல் இல்லாத யூனிட்டில் அதை எதிர்பார்க்கவே முடியாது. அப்போது கோட்டிங்குக்கும் வாயுவுக்கும் கொடுத்த காசு எங்கே? ஓரத்தில் ஒரு முழம் பட்டையிலும் கொஞ்சம் பியூட்டைலிலும் மிச்சம் பிடித்ததால் முழுக் கண்ணாடியும் வீண்.

கறுப்பு நிறமாக இருந்தால் வார்ம் எட்ஜ் என்று நம்பிவிடாதீர்கள், அலுமினியத்துக்கே கறுப்புப் பூச்சு கொடுத்து வருகிறது. ஒரு வெட்டுத் துண்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், நகத்தாலோ சாவியாலோ சுரண்டினால் தெரிந்துவிடும். இடைவெளி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. தெளிந்த கண்ணாடியில் காற்றுதான் உள்ளே என்றால், 6 எம்எம் இடைவெளிக்கு யு மதிப்பு, அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியாகக் கடக்கும் வாட், சுமார் 3.3, 12 எம்எம்முக்கு 2.8, 16 எம்எம்முக்கு 2.7. அதற்கு மேல் போனால் உள்ளே காற்றே சுழல ஆரம்பித்துவிடும், பலன் நின்றுவிடும். ஒற்றைக் கண்ணாடிக்கு 5.7 என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குகிறவர்கள் பில்லில் இதை எழுதி வாங்கவேண்டும்: ஸ்பேசர் என்ன பொருள், மூலை வளைத்ததா சொருகினதா, பியூட்டைல் உண்டா, இரண்டாவது சீல் எது, உள்ளே பனி பிடித்தால் எத்தனை வருஷத்துக்கு மாற்றித் தருவார்கள். ‘டபுள் கிளாஸ் 6-12-6’ என்று, அதாவது 6 எம்எம் கண்ணாடி, 12 எம்எம் இடைவெளி, மறுபடி 6 எம்எம் கண்ணாடி என்று மட்டும் எழுதின பில்லில் இவை எதுவும் இல்லை. அக்கா வீட்டுக்கு நான் வாங்கின பில்லும் அப்படித்தான் இருந்தது, அதனால் போய்க் கேட்டபோது அவர்கள் சொன்ன பதில், “இதுக்கு கேரன்டி எதுவும் எழுதலையே.” தொழில் தெரிந்த எனக்கே இந்தக் கதி என்றால், கடன் வாங்கி வீடு கட்டுகிறவர்கள் என்ன செய்வார்கள்?

ஏசிக்கு 2006லிருந்து நட்சத்திர லேபிள் இருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து புது ஏசியை ஆன் செய்தால் 24 டிகிரியில்தான் தொடங்கவேண்டும் என்றும் விதி வந்தது. வீடுகளுக்கென்று 2018இல் எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பும் வந்து, சுவரும் ஜன்னலும் சேர்ந்து எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்று ஒரு வரம்பு சொல்கிறது. ஆனால் நான் வேலை செய்கிற வட்டாரத்தில் எந்தக் கண்ணாடி யூனிட்டிலும் ஏசியில் இருப்பது போன்ற ஒரு சீட்டை நான் பார்த்ததில்லை. கண்ணாடியின் யு மதிப்பு, வெயிலில் எத்தனை சதவீதம் உள்ளே விடும், ஸ்பேசர் என்ன, சீல் என்ன, செய்த மாசம் வருஷம் எது என்று பட்டையிலேயே அச்சடித்துவிடலாம், அதற்கு இடம் இருக்கிறது. எரிசக்தித் துறையில் இருப்பவர்கள் யாராவது இந்தக் கடிதத்தைப் படித்தால் இதை யோசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பத்திரிகையும் அடுத்த முறை ஜன்னல் பற்றி எழுதும்போது அந்தப் பட்டைக்கு இரண்டு பத்தியாவது ஒதுக்கவேண்டும்.

அக்கா வீட்டு ஜன்னலுக்கு என் கைக்காசிலேயே வேறு யூனிட் மாற்றிவிட்டேன், இந்தத் தடவை ஸ்டீலும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த பட்டை, மூலை வளைத்தது, இரட்டை சீல். ஏசியை 24இல் வைக்கவும் சொல்லியிருக்கிறேன், கேட்கிறாள். இந்தப் புரட்டாசியில் மறுபடியும் விடியற்காலை போய் பார்த்தேன். கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு லேசாக ஈரம், மற்ற மூணு பக்கமும் காய்ந்திருந்தது. அறுத்துத் திறந்த பழைய யூனிட்டை என் பட்டறை வாசலிலேயே சாய்த்து வைத்திருக்கிறேன். ஜன்னல் கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
அலுமினிய ஜன்னல் பட்டறை வைத்திருக்கும் ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81